கை பழகக் கற்பிக்கும் கல்வி

நோய் தீர்ந்தது என்று மருத்துவர் கூறும் நாளும், நோயுற்றவர் தம் வாழ்க்கைக்குத் திரும்பும் நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே நெடிய வழி ஒன்று இருக்கிறது. பக்கவாதத்தால் தாக்குண்ட ஒருவரை மருத்துவர் சாவினின்றும் மீட்கிறார், செவிலியர் பேணுகிறார், இயன்முறை மருத்துவர் தளர்ந்த கைகால்களுக்கு அசைவும் வலிவும் தேடித் தருகிறார். ஆயினும் அவர் வீடு வந்து சேர்ந்தபின் வேறு வகையான கேள்விகள் எழுகின்றன. டம்ளரைத் தாமே தூக்கித் தேநீர் அருந்துவது எப்படி? ஒரு கையால் சட்டைப் பொத்தானை மாட்டுவது எப்படி? கிணற்றடிக்கோ குளியலறைக்கோ பிறர் துணையின்றிச் செல்வது எப்படி? மறுபடியும் ஒரு தொழிலைச் செய்து நாலு காசு ஈட்டுவது எப்படி? இவை சிறு கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் தம்மைக் குடும்பத்துக்குச் சுமை என்று எண்ணுவதும், குடும்பத்தில் ஓர் ஆள் என்று எண்ணுவதும் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையையே பொறுத்திருக்கின்றன.

இவ்விடையைத் தேடித் தரும் துறைக்குத்தான் மருத்துவமனைகளில் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று பெயர். தமிழில் அதனைத் தொழில்வழிச் சிகிச்சை என்று வழங்கலாம். இங்கே தொழில் என்பது கூலிக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதன்று. பல் துலக்குவது, உடுத்துவது, உண்பது, சமைப்பது, எழுதுவது, குழந்தை விளையாடுவது, முதியவர் பேரனுக்குக் கதை சொல்வது ஆகிய எல்லாமே தொழில்தான். ஒரு மனிதரின் ஒரு நாள் எந்தெந்தச் செயல்களால் ஆகியிருக்கிறதோ, அந்தச் செயல்களையே மருந்தாகவும் குறிக்கோளாகவும் கொள்வது இச்சிகிச்சையின் இயல்பு. இதனை வகுத்து நடத்துபவர் பட்டம் பெற்ற சிகிச்சையாளர். அவர் வகுத்த முறையை நாள்தோறும் நோயாளியின் அருகிருந்து பழக்குபவர் சிகிச்சை உதவியாளர். இந்த உதவியாளரின் கல்வியைப் பற்றியும், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழருக்கு அக்கல்வி ஏன் முக்கியமானது என்பதைப் பற்றியும் இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலில் இத்துறையின் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்து கொள்வது நலம். அமெரிக்காவில் 1917-ஆம் ஆண்டில் இதற்கென முதல் சங்கம் அமைந்தது. அப்போது நடந்து கொண்டிருந்த முதல் உலகப் போரில் கையிழந்தும் மனம் கலங்கியும் திரும்பிய போர்வீரர்களை மீண்டும் வாழ்க்கையில் நிலைபெறச் செய்யும் தேவை இத்துறையை வளர்த்தது. 1950-களின் இறுதியில், மனநோய் மருத்துவமனைகளில் சிகிச்சையாளர் போதாமையால், உதவியாளரைப் பயிற்றும் முறையான கல்வியை அந்நாடு வகுத்தது. இன்று அங்கே சமுதாயக் கல்லூரிகளில் ஏறத்தாழ இரண்டாண்டு பயின்று, அதன் பகுதியாகக் குறைந்தது 16 வாரம் மருத்துவமனையிலோ பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ நேர்முகப் பயிற்சி பெற்று, தேர்வெழுதி, உரிமம் பெற்ற பிறகே ஒருவர் இப்பணியில் அமர முடியும்.

நம் நாட்டில் இக்கல்வியின் முதல் பள்ளி 1950-ஆம் ஆண்டில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட பெண்மணி அவர். 1952-இல் இந்தியச் சிகிச்சையாளர் சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பு தோன்றியபோது அதன் பத்து நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இருந்தது.

தமிழ்நாட்டில் இவ்வெண்ணம் வேரூன்றிய இடம் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். நிமிர்ந்த விரல் தானாக வேலை செய்வதில்லை. அதற்கு மறுபடியும் வேலை கற்பிக்க வேண்டும். அன்றியும், நோய் கண்ட நாள் முதலாகத் தொழிலை இழந்து பிச்சையெடுத்து வாழ்ந்தவருக்குக் கை மட்டும் நிமிர்ந்தால் பிழைப்பு வந்துவிடாது. ஆதலால் 1951-இல் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டு, மரவேலை முதலிய கைத்தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. அறுவை மருத்துவரின் கத்தி தொடங்கிய வேலையைத் தச்சரின் உளி முடித்து வைத்தது எனலாம்.

கேரளத்தில் கொச்சியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. வேலூரில் பணிபுரிந்த அவர் 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்யத் தொடங்கினார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அமைந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயன். நோயாளியே மருத்துவராகவும், மருத்துவரே நோயாளியாகவும் இருந்து இத்துறையை வளர்த்த அவர் 1986-இல் மறைந்தார்.

இனி நம் எல்லைப்புறத்துக்கு வருவோம். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கே சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் தமிழர் வழிவழியாக வாழ்ந்து வருகின்றனர். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அமைந்த கேரள மாநிலத்தில் இவர்கள் மொழிச் சிறுபான்மையினராக இருந்து வருகின்றனர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை அளித்தது. ஆனால் கடிதத்துக்குக் கிடைத்த உரிமை நோய்ப்படுக்கைக்கும் கிடைத்துவிடுகிறதா என்பது வேறு கேள்வி.

மூணாற்றுத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் பக்கவாதத்துக்குக் கோட்டயத்திலோ, போடிமெட்டு வழியே இறங்கித் தேனியிலோ சிகிச்சை பெற்று, லயத்துக்குத் திரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் கையில் உள்ள சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். சொல்லி அனுப்பிய அறிவுரை மலையாளத்தில் இருந்திருக்கலாம். லயத்தின் வாசலில் படி உயரம், கழிப்பறைக்குச் செல்லும் வழி சரிவு, மழைக்காலத்தில் வழுக்கல். மனைவி காலையில் கொழுந்து கிள்ளச் சென்றால் மாலையில்தான் வருவார். இந்த வீட்டின் நிலைமையை நகரத்து மருத்துவமனையில் இருக்கும் சிகிச்சையாளர் கண்ணால் கண்டதில்லை. இங்கே வேண்டுவது, இந்த மலையில் வளர்ந்த, இந்த மக்களின் பேச்சைப் பேசுகிற, பயிற்சி பெற்ற ஒருவர்.

மொழி என்று நாம் கூறும்போது இலக்கணத்தை மட்டும் கருதவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து மலையேறிய குடும்பத்தில் ‘ஆச்சி’ என்று அழைக்கப்படும் மூதாட்டி, சித்தூரின் கிழக்கே கொங்குப் பேச்சு வழங்கும் வீட்டில் ‘அமுச்சி’ ஆகிறார். “ஆச்சி, அந்தச் செம்பை இந்தக் கையால் கொஞ்சம் பிடியுங்கள்” என்று உரிமையோடு சொல்பவருக்கு அந்தக் கை நீளும். நோயாளி எண் இத்தனை என்று அழைப்பவருக்கு அது நீளாது. எந்தப் பாத்திரத்தில் உலை வைப்பார்கள், அடுப்பு எவ்வளவு உயரம், கொசுவத்தை எப்படிச் செருகுவார்கள் என்பதெல்லாம் தெரிந்தவரே அவற்றைக் கற்பிக்கவும் இயலும். மற்றத் துறைகளில் உள்ளூர்ப் பழக்கம் ஒரு வசதி. இத்துறையிலோ அது பாடத்தின் பாதி.

உதவியாளர் செய்யும் வேலை எத்தகையது என்பதைச் சில உதாரணங்களால் விளக்குவோம்.

முதல் பாடம், ஒரு செயலைப் பகுத்துப் பார்ப்பது. தேநீர் போடுவது ஒரே வேலை என்று நாம் நினைக்கிறோம். அதனைப் பிரித்தால், எழுந்து நிற்பது, பாத்திரத்தை எடுப்பது, நீர் பிடிப்பது, அடுப்பைப் பற்ற வைப்பது, தூளின் அளவை நினைவு கொள்வது, கொதிப்பைக் கவனிப்பது, சூடான பாத்திரத்தைப் பிடித்து வடிகட்டுவது என்று ஏழெட்டு வேலைகளாகும். சிலவற்றுக்குக் கால் வேண்டும். சிலவற்றுக்கு விரல் வேண்டும். சிலவற்றுக்கு நினைவு வேண்டும். நோயாளிக்கு எந்தப் படியில் தடை என்று கண்டால், அந்த ஒரு படியை மட்டும் மாற்றி அமைத்து, மற்றவற்றை அவரிடமே விட்டுவிடலாம். உதாரணமாக, உட்கார்ந்து செய்ய ஒரு முக்காலியும், தூளுக்கு அளவான கரண்டி ஒன்றும் போதுமானதாக இருக்கலாம்.

பக்கவாதம் கண்டவர் சட்டை அணியும் முறை மற்றோர் உதாரணம். தளர்ந்த கையை முதலில் நுழைத்து, நல்ல கையைப் பிறகு நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில், தளர்ந்த கை கடைசியில். இந்த ஒரு விதியைப் பொறுமையாகப் பழக்கினால், பிறர் உடுத்திவிடும் நிலை பல வீடுகளில் மாறிவிடும். கரண்டியின் காம்பில் துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் வலுவற்ற பிடிக்கும் அது அகப்படும். தட்டின் அடியில் ஈரத்துணி விரித்தால் ஒரு கையால் உண்ணும்போது தட்டு நகராது. இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு காசளவே.

தொழுநோயால் உணர்விழந்த கையை உடையவருக்குக் கற்பிக்க வேண்டியது வேறு. சூட்டை அவர் கை அறியாது. ஆகவே கண் அறிய வேண்டும். பாத்திரங்களுக்கு மரப்பிடி வேண்டும். நாள்தோறும் மாலையில் கைகால்களைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளம் உண்டா என்று சோதிக்க வேண்டும். நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவித் தோலின் வறட்சியைப் போக்க வேண்டும். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவருக்கோ படுக்கைப்புண்ணே பெரும்பகை. படுக்கையில் இரண்டு மணிக்கு ஒரு முறை புரண்டு படுக்கவும், சக்கர நாற்காலியில் கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை உடலை உயர்த்தி அழுத்தத்தை மாற்றவும் அவர் பழக வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு, நிமிர்ந்து உட்காரத் தாங்கல் அமைத்துக் கொடுப்பதே கல்விக்கு முதற்படி. உட்கார்ந்தால்தான் கை விடுபடும், கை விடுபட்டால்தான் விளையாட்டு வரும்.

குழந்தைகளுக்குப் பழக்கும்போது கையாளப்படும் ஒரு முறை மிகவும் அழகானது. செயலின் கடைசிப் படியை முதலில் கற்பிப்பது அது. காலுறையைக் குதிகால் வரை நாம் மாட்டிவிட்டு, மேலே இழுத்துவிடும் வேலையை மட்டும் குழந்தைக்கு விட்டுவிடுகிறோம். வேலையை முடித்த பெருமை குழந்தையுடையதாகிறது. அடுத்த வாரம் அதற்கு முந்திய படியும் அதனுடையதாகிறது. இவ்வாறு படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று முழுச் செயலும் அதன் வசமாகிறது.

மேற்கூறிய எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கும் தத்துவம் ஒன்றுதான். உதவி என்பது செய்து கொடுப்பதன்று, செய்யவிடுவது. நம் குடும்பங்களில் அன்பு என்பது பெரும்பாலும் முந்திக்கொண்டு செய்வதாக வெளிப்படுகிறது. நடுங்கும் கையிலிருந்து டம்ளரை வாங்கி நாமே ஊட்டிவிடுகிறோம். அன்பால் செய்யும் அந்தச் செயல், அந்தக் கைக்குக் கிடைக்கவிருந்த பயிற்சியைப் பறித்துவிடுகிறது. எவ்வளவு உதவுவது, எந்த இடத்தில் நிறுத்துவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்னும் மூன்றையும் அறிவதே உதவியாளரின் கல்வி. காத்திருக்கக் கற்பதற்குத்தான் இரண்டாண்டுக் கல்வியும் நேர்முகப் பயிற்சியும் வேண்டியிருக்கின்றன.

அதே வேளையில் உதவியாளரின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். நோயாளியை முதலில் ஆராய்ந்து மதிப்பிடுவதும், சிகிச்சையைத் திட்டமிடுவதும், மாற்றுவதும் சிகிச்சையாளரின் பொறுப்பு. உதவியாளர் அத்திட்டத்தை நடத்துகிறார். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். உண்ணும்போது இருமல் வருகிறது, கை வீங்குகிறது, பேச்சு குழறுகிறது என்பன போன்ற மாறுதல்களை உடனே தெரிவிக்கிறார். உடற்கூறு, குழந்தை வளர்ச்சி, இயலாமையின் வகைகள், செயலைப் பகுக்கும் முறை, சக்கர நாற்காலி, தாங்கு மட்டை முதலிய கருவிகளைப் பேணுதல், முதலுதவி, நோயாளியின் மறைபொருளைக் காத்தல் ஆகியவை இக்கல்வியின் பாடங்கள்.

இத்தத்துவம் நடைமுறையில் எவ்வாறு பயன் தருகிறது என்பதற்குச் சான்று மூணாற்றிலேயே இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக 1991-இல் அங்கே ‘சிருஷ்டி’ அமைப்பின் பணி தொடங்கிற்று. ‘டேர்’ என்னும் சிறப்புப் பள்ளியில் பயின்று வளர்ந்தவர்களுக்குப் பின்னர்த் தொழிற்கூடங்கள் அமைந்தன. ‘அதுல்யா’வில் கையால் காகிதம் செய்கின்றனர். ‘ஆரண்யா’வில் யூகலிப்டஸ் இலை, தேயிலைக் கழிவு முதலியவற்றிலிருந்து எடுக்கும் இயற்கைச் சாயத்தைத் துணிக்கு ஏற்றுகின்றனர். ஸ்டிராபெரிப் பழத்தைப் பதம் செய்யும் கூடமும், ரொட்டிக் கூடமும் உண்டு.

துணிக்குச் சாயம் ஏற்றும் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அளந்து போடுவது, ஊறவைப்பது, நூலால் முடிச்சிடுவது, சாயத்தொட்டியில் கிளறுவது, அலசுவது, உலர்த்துவது, மடிப்பது என்று அது பல படிகளாகப் பிரிகிறது. எண்ணத் தெரியாதவர் முடிச்சிடலாம். பேச இயலாதவர் கிளறலாம். நிற்க இயலாதவர் அமர்ந்து மடிக்கலாம். எவருடைய குறையும் வேலையை நிறுத்துவதில்லை. எவருடைய திறமையும் வீணாவதில்லை. அவ்வாறு உருவாகும் துணியை வாங்குபவர் இரக்கத்தால் வாங்குவதில்லை, அழகுக்காக வாங்குகிறார். தொழில்வழிச் சிகிச்சை கனவு காணும் முடிவு இதுவே.

கேரள மாநிலத்தில் இதற்குத் துணையாக வேறு அமைப்புகளும் உள்ளன. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர் மக்களின் ஆதரவால் வளர்ந்தது. 2008-இல் மாநில அரசு அதனைக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது; உள்ளாட்சி மன்றங்களின் வாயிலாகச் செவிலியர் வீடு தேடிச் செல்லும் முறை ஏற்பட்டது. 2004-இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூரில் தொடங்கிய ‘பட்ஸ்’ பள்ளிகள் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக உள்ளாட்சி மன்றங்களாலும் குடும்பஸ்ரீ இயக்கத்தாலும் நடத்தப்படுகின்றன. வீட்டுக்குச் செல்லும் வழியும், பள்ளி என்னும் இடமும் இவ்வாறு ஏற்கெனவே உண்டு. அவ்விடங்களில் தமிழ் பேசும், பயிற்சி பெற்ற கைகள் வேண்டும் என்பதே நம் கருத்து.

அப்படியானால் எல்லைப்புறத்து இளைஞரும் இளம்பெண்களும் இக்கல்வியை எங்கே பெறுவது? இதில் ஒளிவுமறைவின்றிப் பேசுவது நம் கடமை. அமெரிக்காவில் உள்ளது போன்று, உதவியாளருக்கென்றே தனியாக வகுத்த சமுதாயக் கல்லூரிப் படிப்பு நம் நாட்டில் பரவவில்லை. சமுதாயக் கல்லூரி என்னும் அமைப்பு இங்கு இல்லாமலில்லை. 1995-இல் புதுச்சேரியிலும், 1996-இல் சென்னையிலும் அது தோன்றிற்று. பள்ளிக் கல்வியை இடையில் விட்டவருக்கும் இடம் தந்து, அருகிலுள்ள தொழில் நிலையங்களோடு இணைந்து பயிற்சி அளிப்பது அதன் முறை. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றை வகுத்தது. தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான கூடு வேறில்லை. ஆயினும் அக்கூட்டில் இன்னும் இப்பறவை பரவலாகக் குடியேறவில்லை.

இப்போது திறந்திருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, சிகிச்சையாளராகவே ஆவது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர் இளநிலைப் பட்டத்துக்குச் சேரலாம். பயிற்சிக்காலம் உட்பட நான்கரை முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். பாலக்காட்டு எல்லைக்கு அருகில் கோயம்புத்தூரிலும், கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடையை அடுத்த கல்லேற்றுங்கரை மறுவாழ்வு நிறுவனத்திலும், தமிழ்நாட்டில் வேலூரிலும் இப்பட்டப்படிப்பு உண்டு. தொலைவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மும்பை, நாகபுரி, தில்லி, கொல்கத்தா, கட்டாக் ஆகிய நகரங்களின் அரசுக் கல்வி நிலையங்களும் உள்ளன. சேர்க்கை விதிகளும் நுழைவுத் தேர்வுகளும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, இந்திய மறுவாழ்வுக் குழுவின் கீழ் வரும் படிப்புகள். 1992-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த குழு அது. சிறப்புக் கல்விக்கான இரண்டாண்டுப் பட்டயம் அவற்றுள் ஒன்று. 2021-இல் இக்குழு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஊர்களிலேயே மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைநிற்கும் ஊழியர்களுக்காக ஆறுமாதச் சான்றிதழ்ப் பயிற்சி ஒன்றைத் தொடங்கிற்று. இவ்வூழியர் ‘திவ்யாங் மித்ரா’ எனப்படுவர். இவர் தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் அல்லர். ஆயினும் நம் நாட்டில் அப்பணிக்கு மிக அண்மையில் நிற்பவர் இவரே. மூன்றாவது வழி, வலி நிவாரண இயக்கத்தின் தொண்டர் பயிற்சி போன்ற குறுகிய பயிற்சிகள். இவை தொண்டுக்கு உதவும். உத்தியோகத்துக்கு இவற்றை மட்டும் நம்பலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 2021-ஆம் ஆண்டில் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்வல்லுநர் தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. தொழில்வழிச் சிகிச்சை அச்சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. துணைநிலை வல்லுநர் என்று கொள்ளப்பட, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய குறைந்தது 2000 மணி நேரக் கல்வி வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆகவே, மூன்று மாதத்தில் ‘தெரபிஸ்ட்’ ஆக்குகிறோம் என்று சுவரில் ஒட்டப்படும் விளம்பரங்களை நம்பி நகையை அடகு வைப்பது அறிவுடைமையாகாது. பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்படிப்பை அங்கீகரித்த அமைப்பு எது? மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் நேர்முகப் பயிற்சி எவ்வளவு? அப்பயிற்சி எந்த இடத்தில், எந்தச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் நடக்கும்? முடித்தவர் எந்தப் பெயரில், எங்கே வேலை செய்கின்றனர்? இவற்றுக்கு எழுத்தில் விடை கிடைக்காவிடில் வாசலோடு திரும்பிவிடலாம்.

இனி இக்கல்வியைப் பரவச் செய்ய நாம் எண்ணத்தக்கது என்ன? எல்லைப்புறம் இதற்கு ஏற்ற இடம் என்பது நம் துணிபு. சித்தூர் வட்டத்துக்கு ஒரு பக்கம் பாலக்காடும் மறுபக்கம் கோயம்புத்தூரும், தேவிகுளம், பீருமேட்டு மலைகளுக்கு ஒரு பக்கம் கோட்டயமும் மறுபக்கம் தேனியும் மருத்துவ வசதி தருகின்றன. இரு மொழியும் பேசும் இளைஞர் இங்கே ஏராளம். மலையாளத்தில் மருத்துவரிடம் கேட்டு, தமிழில் வீட்டாரிடம் விளக்கக் கூடியவர்கள் அவர்கள். தோட்டத்தில் மூன்றாம் தலைமுறை வேலைக்கு வராமல் நகரங்களுக்குச் செல்கிறது. முதியோர் மலையில் தங்குகின்றனர். முதியோருக்குக் கைத்துணையும் இளையோருக்கு மதிப்புள்ள தொழிலும் ஒரே கல்வியால் கிடைக்குமெனில், அதனைக் கேட்டுப் பெறுவதற்கு உள்ளாட்சி மன்றங்களும் கல்லூரிகளும் முன்வர வேண்டும்.

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நேயர்களுக்கும் இதில் பங்குண்டு. ஊரில் உள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். அதனோடு, பக்கவாதம் கண்ட தந்தைக்கு மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு உண்டா என்று ஒரு கேள்வியையும் அனுப்பலாம். விடுமுறைக்குச் செல்லும்போது படியின் அருகே ஒரு கைப்பிடிக் குழாயும், குளிக்கும் இடத்தில் வழுக்காத தரையும் அமைத்துத் தரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனோ மகளோ மருத்துவப் பட்டம் ஒன்றே மருத்துவம் என்று எண்ணி மனம் சோர்ந்தால், இப்படியும் ஒரு துறை உண்டு என்று எடுத்துக் கூறலாம். தமிழ் பேசும் சிகிச்சையாளர் தாராவியில் உள்ள முதியவருக்கும் தேவைதான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைக் குறிப்பிட்டு, அவற்றை உடையோருக்குச் சம வாழ்வு உரிமையென்று கூறுகிறது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். கதவு வரை நடந்து வர ஒருவருக்குப் பழக்கித் தருவது சட்டத்தின் வேலையன்று. பயின்ற கைகளின் வேலை. அக்கைகள் நோயாளியின் வேலையைத் தாம் செய்யாமல், அவர் செய்து முடிக்கும் வரை அருகில் நின்று காத்திருக்கத் தெரிந்தவையாக இருத்தல் வேண்டும். அப்படிப்பட்ட கைகளை உருவாக்கும் கல்வி நம் எல்லைப்புற ஊர்களில் தமிழிலேயே கிடைக்கும் நாள் விரைவில் வர வேண்டும் என்பது நம் விழைவு.